பெட்டியா, வாளியா? பாலைவனத்தில் பொறி வைப்பவர்களுக்கு

இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு, எலிகளை உயிரோடு பிடித்து ஆராய்ந்துவிட்டு விட, ஷெர்மன் பெட்டி (எலி உள்ளே மிதித்ததும் கதவு மூடிக்கொள்ளும் அலுமினியப் பெட்டி) போதும் என்று வாளிகளைத் தோண்டி எடுத்தவன் நான். அதனால் பேச்சு பெட்டிப் பக்கம் சாயத்தான் செய்யும்.

வாளிப் பொறி தெரிந்ததுதான். 20 லிட்டர் வாளியை விளிம்பு தரைமட்டமாக இருக்கும்படி புதைத்து, இருபுறமும் தாழ்வான தடுப்பு வேலி. இரை வேண்டாம். பெட்டியை எட்டிக்கூடப் பார்க்காத பல்லி, தேள், வண்டு எல்லாம் விழும். பின்னங்காலால் தாவும் கங்காரு எலியோ ஒரே எம்பலில் வெளியே போய்விடும்.

பொறிக்குப் பதில் கேமரா வைத்தால்? எந்த எலி, என்ன எடை, நேற்று வந்ததேதானா என்று அது சொல்லாது.

என்னை முடிவுக்குத் தள்ளியது விடியற்காலை வேலை. வெயில் ஏறிவிட்டால் அலுமினியப் பெட்டி அடுப்புதான். அதற்குள் எல்லாவற்றையும் பார்த்து, எடை போட்டு, விட்டாக வேண்டும். அப்புறம் பெட்டியை மூட ஒரு தட்டு போதும். வாளிக்கு மூடியைத் தேடி, மண் அணைத்து, மேலே கல் வைக்க வேண்டும். காற்றடித்த ஒரு நாள் மூடி கிடந்தது எங்கோ ஒரு புதரில். வாளிக்குள் கொழுத்த தேள் ஒன்றும், ஒரு பல்லியின் பின்பாதியும். மறந்துபோன பெட்டி ஒரு உயிரைக் கொல்லும், அதுவே பாவம்தான். மறந்துபோன வாளியோ நாம் ஊர் திரும்பிய பிறகும் கொன்றுகொண்டே இருக்கும்.

பெட்டியிலும் குறை உண்டு. எலி மிதிக்கும் தகட்டின் அடியில் மணல் சேர்ந்தால் கதவு மூடிக்கொள்ளாது. எலி ஓட்ஸைத் தின்றுவிட்டு நிதானமாகப் போகும். மாலையில் ஒவ்வொன்றையும் ஊதி, விரலால் தொட்டுப் பார்ப்பேன். நீள வால் எலிகளுக்கு நீளமான பெட்டி வேண்டும், இல்லாவிட்டால் கதவு வாலை நறுக்கிவிடும். பீனட் பட்டர் எறும்பை அழைத்து வரும். அடைபட்ட எலியால் ஓட முடியாது. எனவே காய்ந்த தானியம் மட்டும். குளிர் இரவில் கொஞ்சம் பஞ்சு.

அமெரிக்காவின் அரிசோனாவில் போர்ட்டல் ஊர் அருகே 1977-ல் தொடங்கிய எலி ஆய்வும் இந்தப் பெட்டியைத்தான் நம்புகிறது: 24 ஆய்வு மனைகள், மனைக்கு 49 இடங்கள், மாதந்தோறும் அமாவாசையை ஒட்டி. நிலா வெளிச்சத்தில் எலிகள் வெளியே வரத் தயங்கும் அல்லவா?

பல்லிக்காக நான் வாளி வைத்தது ஒரே ஒரு பருவம், அதனால் அதில் என் பேச்சைக் கடைசி வார்த்தையாக எடுக்க வேண்டாம். வைப்பதானால் மழைநீர் இறங்க அடியில் துளை போட்டு, ஒளிந்துகொள்ள ஒரு குழாய்த் துண்டையும் உள்ளே போட்டுவிடுங்கள்.