ஹார்ட் டிஸ்க் ரெக்கவரிக்குக் கொடுக்கப் போறீங்களா? இதைப் படிச்சிட்டுப் போங்க

12,500 ரூபாய் போச்சு. நேத்து சாயங்காலத்துல இருந்து ரத்தம் கொதிக்குது. டைப்பிங்ல தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

லேப்டாப்ல இருந்த 1 டிபி டிஸ்க் ‘டிக் டிக்’னு சத்தம் போட்டு நின்னுடுச்சு. உள்ளே எங்க நூல் கடையோட 6 வருஷ டேலி கணக்கு, தங்கச்சி கல்யாண போட்டோ. கோவை காந்திபுரம் பக்கம் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடையில கொடுத்தேன். ‘அண்ணா, இது தினம் பாக்குற கேஸ். கவலையை விடுங்க, டீ சாப்பிடுங்க’ன்னான். வெள்ளை கோட்டு போட்டவங்க நிக்கிற போட்டோவை போன்ல காட்டி, ‘இதான் நம்ம லேப்’னான். அட்வான்ஸ் 4,500.

ரெண்டு நாள் கழிச்சு வாட்ஸ்ஆப்ல ஒரு ஸ்கிரீன்ஷாட். ‘எல்லா ஃபோல்டரும் வந்துடுச்சுண்ணா, 8,000 போடுங்க.’ டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ். எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் இருக்கிற பேருங்க! அதைக் காட்டித்தான் 8,000 பிடுங்கினான்.

கைக்கு வந்தது ஒரு பென் டிரைவ். போட்டோ எல்லாம் பாதி முகம், பாதி சாம்பல் பட்டை. டேலி டேட்டா ஒண்ணுமே லோடு ஆகல. கேட்டா, ‘எடுத்துக் கொடுக்குறதுதான் எங்க வேலை, திறக்குறது உங்க பாடு.’ அடுத்து டெக்னீசியன் லீவு. அடுத்து ஓனர் ஊர்ல இல்ல. இப்போ நீல டிக் மட்டும் விழுது, பதில் இல்ல. பில்? ‘ஜிஎஸ்டி தனியா ஆகும்ணா’ன்னு அன்னைக்கே தட்டிக் கழிச்சாச்சு.

டிஸ்கை பெங்களூர்ல ஒரு லேபுக்கு அனுப்பினேன். அவங்க அனுப்பின படத்தைப் பாத்ததும் வயிறு எரிஞ்சுது. மூடியோட நட்சத்திர ஸ்க்ரூ எல்லாம் தேஞ்சு கிடக்கு. டேட்டா பதியிற தட்டு கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கணும், அதுல வட்டமா கீறல். நிமிஷத்துக்கு 5,400 சுத்து சுத்துற தட்டுக்கு மேல, சில நானோமீட்டர் உயரத்துல, டேட்டாவைப் படிக்கிற ஹெட் மிதக்கும். நடுவுல ஒரு தூசி போனாலே ஆபத்து. தூசியை வடிகட்டி வச்சிருக்கிற கிளீன் ரூம்ல திறக்க வேண்டியதை இவன் டீ டம்ளர் வைக்கிற மேஜையிலதான் திறந்திருப்பான். இனி யாராலும் முடியாதுன்னுட்டாங்க. அவங்க செக் பண்ணினதுக்குக் காசு வாங்கல, அதையும் சொல்லணும்.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல புகார் கொடுத்திருக்கேன். யுபிஐ ரசீதும் வாட்ஸ்ஆப் பேச்சும் கையில இருக்கு. 12,500ஐ விடப் போறதில்ல.

டிப்ஸ் விரிவா எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன், முடியல. டிஸ்க்ல டிக் சத்தம் கேட்டா உடனே ஆஃப் பண்ணுங்க. விண்டோஸ்ல டிஸ்கைச் சரிபார்க்கிற செக் டிஸ்க், ரெக்கவரி சாஃப்ட்வேர் எதையும் ஓட்டாதீங்க, ஓட ஓடக் கீறல்தான் கூடும். மூடியைத் திறக்குறதுக்கு முன்னாடி எழுத்துல ரிப்போர்ட் கேளுங்க. உங்க ஃபைல் உங்க கண் முன்னாடி திறந்தா மட்டும் மீதிப் பணம், ஃபோல்டர் பேருக்கு இல்ல. பேக்கப் ரெண்டு டிஸ்க்ல, அதுல ஒண்ணு வேற வீட்டுல.

கடைப் பேரை இங்க போட முடியாது. காந்திபுரம் பக்கம் போறவங்க இன்பாக்ஸ்ல கேளுங்க.