எஸ்.ஓ.பி. என்கிற மோட்டிவேஷன் லெட்டர் உட்பட எல்லாம் செய்து தரும் கன்சல்டன்சி: ஐந்துக்கு இரண்டரை

ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்கப் போவதற்காகத் திருவனந்தபுரத்தில் ஒரு கன்சல்டன்சியில் 45,000 ரூபாய் கட்டி, ஏழு மாதம் ஏறி இறங்கிய கதை இது. பெயர் போடவில்லை. அங்கே வேலை பார்க்கும் ஒரு சேச்சி எனக்கு நிஜமாகவே உதவி செய்தார், அவர் பிழைப்பில் மண் விழ வேண்டாம்.

நாங்கள் அருமனைப் பக்கம். சென்னை என்றால் ஒரு ராத்திரி ரயில். திருவனந்தபுரம் என்றால் காலையில் புட்டும் பயறும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பி, களியக்காவிளையில் பஸ் மாறினால் பதினோரு மணிக்குள் போய்விடலாம். 1956-ல் எங்கள் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது, ஆனால் பெரிய ஆஸ்பத்திரி, ஏர்போர்ட், இப்போது வெளிநாட்டுப் படிப்பு எல்லாவற்றுக்கும் கால் தானாக அந்தப் பக்கம்தான் போகிறது. அதனால் அந்த ஆபீஸில் பாதிப் பேர் எங்கள் ஊர்க்காரர்கள். சேச்சி மலையாளத்தில் "மோளே" என்று ஆரம்பிப்பார், நாம் தமிழில் பதில் சொல்வோம், ஒரு சிக்கலும் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பேப்பர் வேலையில் அவர்கள் கில்லாடிகள். இந்தியாவில் படித்தவர்களுக்கு ஏ.பி.எஸ். சான்றிதழ், அதாவது நம் படிப்புச் சான்றிதழ்கள் அசல்தான் என்று ஜெர்மன் தரப்பு சரிபார்த்துத் தருகிற தாள், 2022 நவம்பரிலிருந்து கட்டாயம். அதற்கு எந்த மார்க்‌ஷீட்டில் எந்தப் பக்கத்தை நகல் எடுக்க வேண்டும், எதில் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று ஒவ்வொன்றையும் எடுத்து வைத்துப் பார்த்தார்கள். என் பிளஸ் டூ சான்றிதழில் அப்பா பெயரின் இனிஷியல் ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்டில் வேறு மாதிரியும் இருந்ததை அந்தச் சேச்சிதான் கண்டுபிடித்தார். நானே அனுப்பியிருந்தால் அது எங்கே போய் முட்டியிருக்குமோ.

ஆனால் கணக்கில் கோட்டை விட்டார்கள். ஜெர்மன் மதிப்பெண்ணுக்கு மாற்றுவதற்கு ஒரு சூத்திரம் உண்டு: உச்ச மதிப்பெண்ணில் நம்முடையதைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். அங்கே 1 தான் முதல் தரம், எண் கூடக் கூடத் தரம் இறங்கும். என் சி.ஜி.பி.ஏ. பத்துக்கு 7.8, எங்கள் ரெகுலேஷனில் தேர்ச்சி 5, ஆக 2.32 வருகிறது. அவர்கள் தேர்ச்சியை 4 என்று போட்டு 2.1 என்று எழுதி, "சூப்பர் புரொஃபைல்" என்று வேறு சொன்னார்கள். இதே போலத்தான் விசா செக்லிஸ்ட்டும். அதில் பெங்களூரு என்று இருந்தது. பெங்களூரு ஜெர்மன் துணைத் தூதரகம் கேரளக்காரர்களுக்கு, கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சென்னைதான். ஆபீஸில் பாதிப் பேர் எல்லைக்கு இந்தப் பக்கத்து ஆட்கள் என்று தெரிந்தும் ஒரே தாளை எல்லோருக்கும் நீட்டுகிறார்கள்.

இன்னொன்று, அவர்கள் முதலில் நீட்டிய பட்டியலில் இருந்தது முழுக்கத் தனியார் பல்கலைக்கழகங்கள். "மோளே, இதுக்கு அட்மிஷன் ஈஸி" என்றார்கள். ஈஸிதான், ஃபீஸ் கட்டுகிறவர்களுக்கு எங்கேயும் ஈஸி. ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் டியூஷன் ஃபீஸ் கிடையாது, செமஸ்டர் கட்டணம் மட்டும்தான். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் நம்மைப் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலையிலும் இப்போது ஃபீஸ் வந்துவிட்டது. ஆள் சேர்த்துவிடுகிற ஏஜெண்டுக்கு கமிஷன் கொடுப்பது தனியார்தான் என்பது எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் உறைத்தது. வெளிநாட்டு மாணவர்களுக்கு வழிகாட்டுகிற ஜெர்மன் அமைப்பான டி.ஏ.ஏ.டி.யின் தளத்தில் ஆங்கிலத்தில் நடக்கும் படிப்புகளை எல்லாம் காசில்லாமல் தேடலாம். பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கிற யூனி-அசிஸ்ட் மூலம் போகிற விண்ணப்பத்துக்கு முதலாவதுக்கு 75 யூரோ, அப்புறம் ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. இது ஆபீஸ் பில்லில் தனியாகத் தெரியவில்லை, நான் கேட்டுக் கேட்டுத்தான் பிரித்துக் காட்டினார்கள்.

சரி, இதெல்லாம் எந்த ஆபீஸிலும் நடப்பதுதான். நான் இதை எழுத உட்கார்ந்ததே மோட்டிவேஷன் லெட்டருக்காக. ஏன் இந்தப் படிப்பு, ஏன் அந்தப் பல்கலை, படித்துவிட்டு என்ன செய்யப் போகிறாய் என்று ஒன்றரைப் பக்கத்தில் எழுத வேண்டிய அந்தக் கடிதம் பேக்கேஜிலேயே வந்துவிடும் என்றார்கள். ஒரு ஃபாரம் கொடுத்தார்கள், "உங்கள் ஹாபி என்ன", "ரோல் மாடல் யார்" என்று பத்துக் கேள்வி. மூன்றாம் நாள் மெயிலில் கடிதம் வந்துவிட்டது. இங்கிலீஷ் வழவழவென்று இருந்தது. பிளஸ் ஒன் லேபில் ஒரு டெஸ்ட் டியூபில் நிறம் மாறிய கணத்தில் என் வாழ்க்கையே மாறியதாக இரண்டாவது பத்தி சொன்னது. அப்படி எதுவும் நடக்கவில்லை, இருந்தாலும் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் பாறசாலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அதே ஆபீஸில் பணம் கட்டிய ஒரு பெண்ணைப் பார்த்தேன். அவள் பி.காம், மேனேஜ்மென்ட் படிக்கப் போகிறாள். பேச்சுவாக்கில் போனை மாற்றிக் கொடுத்து லெட்டரைப் படித்தோம். அவள் லெட்டரிலும் பிளஸ் ஒன், அவள் லெட்டரிலும் டெஸ்ட் டியூப். காமர்ஸ் குரூப் படித்த பிள்ளைக்கு ஏது டெஸ்ட் டியூப்? இரண்டு பேரும் அங்கேயே சிரித்துவிட்டோம், பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் அந்தக் கடிதத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். அப்பா ரப்பர் வெட்டுகிறவர். விடியற்காலம் நாலு மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போனால் பால் எடுத்து, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ஷீட் அடித்து முடிக்கும் வரைக்கும் வேலை. முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு மக்களே, இதுல நீ எங்க இருக்க?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

எட்டாம் வகுப்பிலிருந்து எங்கள் வீட்டில் ஷீட் அடிக்கிற ரோலரின் கைப்பிடியைச் சுற்றுவது என் வேலை. ஒரே மரத்துப் பால்தான், ஷீட்டாகப் போனால் ஒரு விலை, சிரட்டையில் காய்ந்து ஒட்டுப்பாலாகப் போனால் வேறு விலை, மழைக்காலத்தில் ஷீட்டில் பூசணம் ஏறினால் கடைக்காரர் தடவிப் பார்த்துவிட்டு ஒரு கிரேடு இறக்கி எழுதுவார். ஏன் என்று அப்போதே கேட்டிருக்கிறேன், யாரும் சொல்லவில்லை. கெமிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷத்தில்தான் கொஞ்சம் பிடிபட்டது. இழுக்கும்போது இயற்கை ரப்பரின் சங்கிலிகள் வரிசையாக நின்று படிகமாகின்றன, அந்த பலத்துக்காகத்தான் விமான டயருக்கும் லாரி டயருக்கும் இன்றைக்கும் மரத்து ரப்பர் வேண்டியிருக்கிறது. தொழிற்சாலையில் செய்கிற ரப்பர் இதில் அந்த அளவுக்கு வருவதில்லை. பாலில் இருக்கிற புரதமும் கொழுப்பும் இதில் என்ன செய்கின்றன என்பது ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் தோண்டிக்கொண்டிருக்கிற விஷயம். ஹானோவரில் ரப்பருக்கென்றே ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கான்டினென்டல் டயர் கம்பெனிக்குத் தலைமையிடமும் அந்த ஊர்தான். ரப்பர் போன்ற பாலிமர் என்பது நீளமான ஒற்றை மூலக்கூறு என்று 1920-ல் சொல்லி எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்ட ஸ்டவுடிங்கர் ஜெர்மன்காரர், 1953-ல் நோபல் வாங்கினார். ஏன் ஜெர்மனி என்ற கேள்விக்குப் பதில் என் கையிலேயே இருந்திருக்கிறது. நான்தான் 45,000 கட்டி வேறொருவரிடம் போய் வாங்கப் பார்த்திருக்கிறேன்.

உட்கார்ந்து நானே எழுதினேன். நாலு நாள் ஆனது, இங்கிலீஷ் கரடுமுரடுதான். ரோலர், ஒட்டுப்பால், பூசணம் பிடித்த ஷீட், எந்தப் பாடத்தில் எந்தப் பேராசிரியரின் வேலை எனக்குத் தேவை, திரும்பி வந்தால் சிறு விவசாயிகளின் ஷீட் தரத்தில் என்ன செய்யலாம் என்று போனேன். சொந்த விஷயமாக இரண்டு வரி மட்டும்: இருபத்திரண்டு வயது வரை ஒரு ராத்திரிகூடத் தனியாக இருந்ததில்லை, என் செலவை நானே கணக்குப் பார்த்து வாழ்ந்து பார்க்க வேண்டும் என்று. இது மிகை இல்லை. மாதாமாதம் ஒரு அளவுக்கு மேல் எடுக்க விடாத பிளாக்டு அக்கவுண்டில், விசாவுக்காக வருஷத்துக்கு 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும், கையில் மாதம் 992 யூரோதான் வரும், அதற்குள் வாடகை, இன்ஷூரன்ஸ், சாப்பாடு எல்லாம்.

ஆபீஸில் காட்டியபோது மேலே இருக்கிற சார் முகம் சுளித்தார். ரப்பர் வெட்டுவதெல்லாம் எதற்கு, "குளோபல் லீடர்" என்று ஒரு வார்த்தையாவது போடுங்கள் என்றார். சேச்சி மட்டும் அவர் போன பிறகு மெதுவாக, "இது மதி மோளே, ஒண்ணும் மாத்தண்டா" என்றார். மாற்றவில்லை. நாலு இடத்துக்கு அனுப்பினேன், இரண்டு மறுத்துவிட்டார்கள், ஒன்று கொடுத்திருக்கிறது, ஒன்றுக்கு இன்னும் பதில் இல்லை.

அந்த ஆபீஸுக்குப் போகலாமா என்றால், ஏ.பி.எஸ்.க்கும் சான்றிதழ் சரிபார்ப்புக்கும் போகலாம், முழு பேக்கேஜ் எடுக்காதீர்கள். மதிப்பெண் கணக்கை வீட்டிலேயே ஒரு தடவை போட்டுப் பாருங்கள், செக்லிஸ்ட்டில் தூதரகம் எது என்று பாருங்கள். லெட்டருக்கென்று பில்லில் 6,000 ரூபாய் பிடித்திருந்தார்கள், அதைத் திருப்பிக் கேட்டு மெயில் போட்டு மூன்று வாரம் ஆகிறது. பணம் வந்தால் அரை ஸ்டார் கூட்டிவிடுகிறேன்.