டெகோபாவுக்குச் சம்மன் கொண்டுபோவது யார்?

சன்னிவேலில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்தபோது, வீட்டுக்காரர் எங்கள் முன்பணத்தில் 3,800 டாலரைத் தராமல் நிறுத்திக்கொண்டார். 21 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தரவேண்டும், அல்லது என்ன பிடித்தம் செய்தார் என்று எழுத்தில் கணக்குத் தரவேண்டும் என்பது கலிபோர்னியச் சட்டம். இரண்டையும் அவர் செய்யவில்லை. அந்த ஊர் அடங்கிய சாண்டா கிளாரா கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) சிறு வழக்கு நீதிமன்றத்தில் மனுப் போடுவது எளிதாகவே முடிந்தது. தனிநபர் ஒருவர் 12,500 டாலர் வரை அங்கே கேட்கலாம், வக்கீலும் தேவையில்லை. சிக்கல் அதன் பிறகுதான் தொடங்கியது, ஏனென்றால் அவர் அதற்குள் ஓய்வுபெற்று இன்யோ கவுண்டியின் தென்கிழக்கு மூலையில், டெகோபா பக்கம் குடிபோயிருந்தார்.

நம் ஊரில் சம்மனைச் சார்பு செய்ய நீதிமன்றமே அமீனாவை அனுப்பும். கலிபோர்னியாவில் அந்தப் பொறுப்பு மனுதாரர் தலையில் விழுகிறது. பதினெட்டு வயது நிரம்பிய, வழக்கில் சம்பந்தப்படாத எவரும் கொண்டுபோய்க் கொடுக்கலாம். எனவே என் முன் ஐந்து வழிகள் இருந்தன: நீதிமன்ற எழுத்தர் மூலம் பதிவுத் தபால், நண்பர், கவுண்டியின் காவல் அதிகாரியான ஷெரீஃப், எல்லைக்கு அப்பால் நெவாடாவில் இருந்த ஒரு மலிவான ஆள், கலிபோர்னியாவில் பதிவுபெற்ற பிராசஸ் சர்வர், அதாவது கூலிக்குச் சம்மன் கொண்டுபோய்க் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர். கடைசியில் நான் தேர்ந்தெடுத்தது பதிவுபெற்றவரை. இந்த அலசல் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இடத்தைப் பற்றிச் சிறிது சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. இன்யோ கவுண்டியின் பரப்பு பத்தாயிரம் சதுர மைலுக்கு மேல், அதாவது தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. 2020 கணக்கெடுப்பில் அங்கிருந்தவர்கள் சுமார் 19,000 பேர்தான். கவுண்டியின் தலைமையிடமான இண்டிபெண்டென்ஸ், சியரா மலையடிவாரத்தில் 395ஆம் நெடுஞ்சாலையில் இருக்கிறது. அங்கிருந்து டெகோபாவுக்குப் போக டெத் வேலிப் பாலைவனத்தைக் குறுக்காகக் கடந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டவேண்டும். அந்தச் சாலையும் எப்போதும் திறந்திருக்கும் என்று சொல்லமுடியாது. 2023 ஆகஸ்டில் ஹிலாரி புயல் கொட்டிய மழையால் டெத் வேலிப் பூங்கா அக்டோபர் நடுப்பகுதி வரை மூடிக்கிடந்தது.

பதிவுத் தபாலில் நான் இழந்த நாட்கள்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானித்தன. செலவு மிகக் குறைவு என்பதால் முதலில் அதைத்தான் முயன்றேன். ஆனால் பிரதிவாதி தானே கையெழுத்திட்டு வாங்கினால்தான் அது செல்லும். தபாலுக்கு அஞ்சலகப் பெட்டி மட்டும் வைத்திருக்கும் ஒருவர், பதிவுத் தபால் வந்திருக்கிறது என்ற அறிவிப்புச் சீட்டைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டால் யாரும் ஒன்றும் செய்யமுடியாது. என் உறை யாரும் வாங்காமல் இருபத்திரண்டாம் நாள் திரும்பி வந்தது. விசாரணை நாள் மனுப் போட்டதிலிருந்து ஐம்பத்தைந்தாம் நாள். வேறு கவுண்டியில் இருப்பவருக்குச் சம்மன் விசாரணைக்கு 20 நாள் முன்பே கையில் சேர்ந்திருக்க வேண்டும். ஆகவே எனக்கு மிஞ்சியது பதின்மூன்று நாள். வீட்டிலுள்ள வேறொரு பெரியவரிடம் கொடுத்து, ஒரு நகலைத் தபாலிலும் அனுப்பும் மாற்று வழிக்கோ 30 நாள் வேண்டும். அதற்கு மூன்று நாள்தான் இருந்தது. மேலும் அவர் தனியாக இருப்பவர். அஞ்சலகப் பெட்டியை அந்த மாற்று வழிக்குரிய முகவரியாகச் சட்டம் ஏற்பதில்லை. நகரத்தில் இது யாருக்கும் பெரிதாகத் தோன்றாது. வீட்டுக்குத் தபால் வராத கிராமப்புறத்தில் பாதி வழி இதிலேயே அடைபட்டுவிடுகிறது.

லாஸ் வேகஸில் இருக்கும் நண்பர் ஒருவர், ‘சனிக்கிழமை நானே போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்’ என்றார். அவருக்கு ஒன்றரை மணி நேரப் பயணம். சட்டப்படி தடையும் இல்லை. ஆனால் அவர் ஒருமுறை போவார். வாசலில் சங்கிலி போட்ட கேட்டும், உள்ளே வராதே என்ற பலகையும், நாயும் இருந்தால் இரண்டாவது முறை போகச் சொல்ல எனக்கு வாய் வராது. உள்ளூரில், பிரதிவாதி பணிக்குப் போகும் நேரம் தெரிந்த நிலையில், நண்பரை அனுப்புவதே சிறந்தது என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஷெரீஃபைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் படிக்கவேண்டும், ஏனெனில் இந்த வழக்கில் அவர்களிடம் நான் போகவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு கவுண்டியில் ஒருமுறை கொடுத்தபோது, மூன்று முயற்சிகளும் வேலை நாளின் பகல் நேரத்திலேயே நடந்து, ‘ஆள் இல்லை’ என்ற ஒரு வரியோடு தாள் திரும்பி வந்தது. ஒரே அனுபவத்தை வைத்து எல்லா அலுவலகங்களையும் எடைபோடுவது நியாயமாகாது. கட்டணம் குறைவு, நீதிமன்றக் கட்டண விலக்குப் பெற்றவர்களுக்கு இலவசம். சீருடையைப் பார்த்தால் கதவைத் திறப்பவர்களும் உண்டு. எப்போது போவார்கள் என்பதை மட்டும் நாம் முடிவு செய்யமுடியாது, பதின்மூன்று நாள் கையில் இருந்த எனக்கு அதுவே போதுமான தடையாக இருந்தது.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்த்தது விலையோ தூரமோ அல்ல, சம்மன் கொடுத்தவர் எழுதித்தரும் சான்றுத் தாள்தான். பிரதிவாதி விசாரணைக்கு வராமல் தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்தாலும், ‘எனக்குச் சம்மன் முறையாக வரவே இல்லை’ என்று சொல்லி, தீர்ப்பைப் பற்றி அறிந்த நாளிலிருந்து 180 நாளுக்குள் அதை ரத்து செய்யக் கேட்கலாம். அப்போது நீதிபதியின் முன் இருப்பது அந்தத் தாள் ஒன்றே. கலிபோர்னியச் சாட்சியச் சட்டத்தின் 647ஆம் பிரிவு, பதிவுபெற்ற பிராசஸ் சர்வர் தன் சான்றில் எழுதியதை உண்மை என்றே முதலில் எடுத்துக்கொள்கிறது. அதை மறுக்க ஆதாரம் காட்டும் சுமை எதிராளியின் மேல் விழுகிறது. ஷெரீஃபின் சான்றுக்கும் அதேபோன்ற மதிப்பு உண்டு. நண்பரின் சான்றும் செல்லுபடியாகும், ஆனால் இந்தப் பாதுகாப்பு அதற்கு இல்லை. ‘அவர் வரவே இல்லை’ என்று எதிராளி சொன்னால் இரண்டு பேரின் வாய்ச்சொல்லாகவே அது நிற்கும், நண்பரையும் வேகஸிலிருந்து நீதிமன்றத்துக்கு அழைக்க நேரலாம்.

நெவாடாக்காரரை நான் விட்டதற்கும் இதே காரணம்தான். டெகோபாவுக்குப் பக்கத்தில் ஓரளவு பெரிய ஊர் என்றால் மாநில எல்லையைத் தாண்டிய பரம்ப்தான். அங்கிருந்து ஒருவர் 160 டாலருக்கு வருகிறேன் என்றார். கலிபோர்னியாவில் ஆண்டுக்குப் பத்துக்கு மேற்பட்ட சம்மன்களைக் கூலிக்குக் கொடுப்பவர்தான் பதிவு செய்து, 2,000 டாலர் பிணைப் பத்திரமும் கட்டவேண்டும். அவருக்கு அந்தப் பதிவு இல்லை. ஆண்டுக்குப் பத்தைத் தாண்டாதவரை அவர் கொண்டுபோய்க் கொடுப்பதில் சட்டப்படி தவறு எதுவும் இல்லை, ஆனால் 647இன் பார்வையில் அவரும் என் நண்பரும் ஒன்றுதான்.

பதிவுபெற்றவர் மூன்று முயற்சிக்கும் பெட்ரோலுக்கும் சேர்த்து 285 டாலர் கேட்டார். பே ஏரியாவில், அதாவது சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில், கடை விரித்திருக்கும் பல நிறுவனங்கள் வேலையை வேறொருவருக்குக் கைமாற்றிவிடும் என்பதால், ‘நேரில் போகப்போவது யார், அவருடைய பதிவு எண் என்ன, எந்தக் கவுண்டியில் பதிவு’ என்று முதலிலேயே கேட்டுக்கொண்டேன். சான்றுப் படிவத்திலும் அந்த எண்ணுக்கு இடம் இருக்கிறது. முதல் முறை புதன்கிழமை முற்பகலில் போனார், யாரும் இல்லை. இரண்டாவது சனிக்கிழமை மாலையில். உள்ளே விளக்கு எரிந்தது, யாரும் வெளியே வரவில்லை. மூன்றாவதாகத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் போனபோது, வீட்டுக்காரர் தன் பிக்கப் வண்டியருகே நின்றிருந்தார். தாளை வாங்க மறுத்தார். சர்வர் அது என்னவென்று சொல்லிவிட்டு, வீட்டுக்காரர் கண்ணெதிரே காலடியில் வைத்துவிட்டு வந்தார். கலிபோர்னியாவில் அதுவும் நேரில் கொடுத்ததாகவே கொள்ளப்படும். இவ்வளவும் நாள், நேரம், வண்டியின் நிறம், ஆளின் உயரம் உட்படச் சான்றில் இருந்தது.

விசாரணைக்கு அவர் வரவில்லை. தீர்ப்பு வந்து இரண்டு மாதம் கழித்து, நான் எதிர்பார்த்தபடியே, தனக்குச் சம்மன் வரவில்லை என்று மனுப் போட்டார். நீதிபதி சான்றைப் படித்துவிட்டு, அந்தத் திங்கட்கிழமை காலையில் எங்கே இருந்தீர்கள் என்று அவரிடம் கேட்டார், நினைவில்லை என்றார். மனு தள்ளுபடியானது. 285 டாலரும் வழக்குச் செலவாகத் தீர்ப்புத் தொகையோடு சேர்க்கப்பட்டது.

அந்தத் தொகையை வசூலிப்பது வேறு கதை, அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இன்னொரு முறை இப்படி நேர்ந்தால், பதிவுத் தபாலுக்கு மூன்று வாரத்தைக் கொடுக்காமல், மனுப் போட்ட மறுநாளே பதிவுபெற்ற ஒருவரை அழைப்பேன். கட்டண விலக்குக் கிடைத்து, விசாரணைக்கு அறுபது நாளாவது இருந்தால் மட்டும் ஷெரீஃபிடம் முதலில் போவேன்.