செப்புத் தகடா, கல்லச்சா: மும்பைச் சுவருக்கு எந்தக் கிளிஞ்சல் படம்?

என்னிடம் பழைய கிளிஞ்சல் படங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று, ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் செதுக்குக் கலைஞர் க்னோர் 1757இல் வெளியிடத் தொடங்கிய தொகுப்பிலிருந்து பிரிந்து வந்த தாள். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்து, பிறகு கையால் வண்ணம் தீட்டியது. மற்றொன்று, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லைப்சிக்கில் வந்த மேயர் கலைக்களஞ்சியத்தின் வண்ணக் கல்லச்சு, அதாவது கல்லில் வரைந்து அதிலிருந்து அச்சடித்த படம். மும்பையின் பழம்பொருள் சந்தையான சோர் பஜாரில் தூசி தட்டி எடுத்தது. முதலாவதற்குக் கொடுத்த பணத்தில் இரண்டாவதைப் போல ஒரு டஜன் வாங்கியிருக்கலாம். ஆனாலும் இனி வாங்கினால் செப்புத் தகடுதான்.

அழகில் எது உசத்தி என்று வாதாட மாட்டேன். உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் வேறுபாடு தானே தெரியும். கல்லச்சில் நிறம் பொடிப் புள்ளிகளாக உடைகிறது. க்னோர் தாளில் மெல்லிய கறுப்புக் கோடு, அதன்மேல் நீர்வண்ணம். ஒரு சோழியின் முதுகில் மட்டும் பிசின் பூசியிருக்கிறார்கள். விளக்கைச் சாய்த்தால் அங்கே ஈரம்போல மினுங்கும். அதன் வாயோரத்தில் தூரிகை மயிரிழை அளவு கோட்டைத் தாண்டியிருக்கிறது. அந்தப் பிசகுக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. செதுக்குபவர் சங்கைக் கண்டபடியே தகட்டில் செதுக்கினால், அச்சில் இடம் வலமாகிவிடும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1650இல் பொறித்த கூம்புச் சங்கு அப்படித்தான் திரும்பி நிற்கிறது. கையெழுத்தை மட்டும் நேராக விழும்படி எழுதியிருக்கிறார். அதன் நகலைப் பார்த்த என் மாமியார், "வலம்புரியா மாப்பிள்ளை? பூஜை அறையில் வைக்கலாமே" என்றார். கல்லிலிருந்து நேராக அச்சடித்தாலும் இதே கதைதான் என்பதால் இதில் எந்தப் பக்கத்துக்கும் மதிப்பெண் இல்லை.

என் முடிவைத் தீர்மானித்தது தாள். மாட்டுங்காவில் எங்கள் வீட்டு மேற்குச் சுவர் ஜூலையில் வியர்க்கும். இரண்டு படங்களையும் ஒரே கடையில், ஒரே நாளில் சட்டம் போடக் கொடுத்தேன். கடைக்காரர் இரண்டுக்கும் பின்னால் ஹார்டுபோர்டை ஒட்டவைத்து, கண்ணாடியையும் தாளோடு அழுத்திவிட்டார். இரண்டு மழைக்காலம் கழித்துப் பிரித்தபோது கல்லச்சு தேநீரில் நனைத்த நிறத்தில் இருந்தது. நடுமடிப்பைத் தொட்டேன், ஒரு மூலை அப்பளமாக நொறுங்கிக் கையோடு வந்தது. மரக்கூழ்த் தாளில் அமிலம் தானே ஊறும். ஹார்டுபோர்டு தன் பங்கையும் சேர்த்திருக்கிறது. க்னோர் தாளும் தப்பவில்லை. ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன. ஆனால் அது கந்தல் துணியை அரைத்துச் செய்த தாள். வளைத்தால் துணிபோல வளைகிறது. நூறாண்டுக்கும் மேல் மூத்தது அதுதான்!

இப்போது பருத்தி அட்டையில் வைத்து, கண்ணாடிக்கும் தாளுக்கும் இடைவெளி விட்டு, சட்டத்தின் பின்மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டியிருக்கிறேன். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகிறது. ஜூன் தொடங்கியதும் கழற்றி, ஏசி இருக்கும் அறையின் அலமாரியில் வைத்துவிடுவேன். கல்லச்சுக்கும் இதே உபசாரம் செய்யலாம்தான். ஆனால் தாள் உள்ளிருந்தே அரிக்கும்போது எத்தனை நாள் காப்பது?

வெளிச்ச விஷயத்தில் கல்லச்சுக்கு ஒரு சொல் விட்டுக்கொடுக்க வேண்டும். நீர்வண்ணம் வெயிலில் வெளுக்கும். அச்சு மை கூடுதலாகத் தாங்கும் என்பார்கள். என் இரண்டு வருட அனுபவம் அதைத் தீர்த்துச் சொல்லப் போதாது. அதனால் க்னோர் வீட்டு நடைவழியின் இருட்டு மூலையில் தொங்குகிறார்.

திரும்ப விற்கும் விலை பற்றி என்னைக் கேட்காதீர்கள்; இதுவரை ஒன்றைக்கூட விற்றதில்லை. வாங்கும்போது மட்டும் தாளைத் திருப்பிப் பாருங்கள். பழைய அச்சில் நேற்று வண்ணம் தீட்டி விற்பவர்கள் உண்டு. செம்பிலிருந்து எடுத்த பழைய பச்சை பல தாள்களில் பின்பக்கம்வரை பழுப்பாக ஊறியிருக்கும். புதுப் பச்சைக்கு அந்தத் தழும்பு இராது.

உடைந்த மூலையை ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். கல்லச்சை மகள் தன் மேசைமேல் மாட்டிக்கொண்டாள், மூலை இல்லாமலே.