வீட்டு ரிமோட்களைக் கம்ப்யூட்டரில் பிரித்துப் படித்து வைத்தேன்: வேலூரிலிருந்து நீண்டகால அனுபவம்

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு டிவி, செட்டாப் பாக்ஸ், ஹால் ஃபேன், மாடி ரூம் ஏசி எல்லாம் பல வருஷமாக ஒரு கம்ப்யூட்டர் சொல்வதைக் கேட்டு வேலை செய்கின்றன. முதலில் ஒரு பழைய டெஸ்க்டாப் இருந்தது, இப்போது ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டர். வீட்டுக்கு வந்து பார்த்த காட்பாடி, ராணிப்பேட்டை நண்பர்கள் "எனக்கும் செய்யணும், எதை வாங்குறது, எங்க ஆரம்பிக்கிறது" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களிடம் வாயால் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிமோட் அனுப்புவதை அப்படியே பதிவு செய்து, வேண்டும்போது திருப்பி அனுப்புவது ஒரு வழி. அது எந்த முறையில் பேசுகிறது, முகவரி (எந்தக் கருவிக்கு) என்ன, கட்டளை (எந்தப் பட்டன்) என்ன என்று பிரித்து எண்களாக எழுதி வைப்பது இன்னொரு வழி. முதல் வழியில் அரை மணி நேரத்தில் டிவி ஆன் ஆகிவிடும், சந்தோஷமாக இருக்கும். ஆனால் மெஷின் மாறி, மென்பொருள் மாறி, ரிமோட்டே செத்துப்போன பிறகும் எனக்குக் கைகொடுத்தது இரண்டாவது வழிதான். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் நேராக இரண்டாவதுக்கே போங்கள்.

செலவு பெரிதாக ஒன்றும் இல்லை, ரிமோட்டின் ஒளியை வாங்கும் ஒரு சின்ன ரிசீவர்தான் முக்கியம். ரிமோட்டின் நுனியில் இருக்கும் எல்இடி பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளத்தில் எரிகிறது, அது அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாது. மொபைல் முன்கேமராவில் பார்த்தால் பல போன்களில் ஊதா நிறத்தில் மினுக்குவது தெரியும். ரிமோட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க இதைவிட எளிய சோதனை இல்லை. அந்த ஒளி சும்மா எரிந்து அணைவதில்லை. விநாடிக்கு சுமார் 38,000 தடவை துடிக்கிறது. ஜன்னல் வெளிச்சம், பல்பு வெளிச்சம் இவற்றிலிருந்து பிரித்துக் காட்டத்தான் இந்த ஏற்பாடு. மூன்று கால் உள்ள டிஎஸ்ஓபி ரிசீவர் அந்த வேகத் துடிப்பை வடிகட்டிவிட்டு, ஒளி வந்தால் வோல்டேஜ் கீழே, வரவில்லை என்றால் மேலே என்று சுத்தமாகத் தருகிறது.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய டிஎஸ்ஓபி 1738-ல் கால் வரிசை கிரவுண்ட், சப்ளை, அவுட்புட். டிஎஸ்ஓபி 4838-லும் மலிவாகக் கிடைக்கும் விஎஸ் 1838-பி-யிலும் அவுட்புட், கிரவுண்ட், சப்ளை. கடையில் எல்லாமே ஒரே டப்பாவில் கிடக்கும், பார்க்கவும் ஒரே மாதிரி இருக்கும். பெயரைப் படித்துவிட்டு இணையுங்கள். 1738-க்கு 4.5 வோல்ட்டுக்குக் குறையாமல் வேண்டும், ராஸ்பெரி பையின் உள்ளீட்டுக் கால்களோ 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. அதனால் பைக்கு 4838 தான் சரி. உள்ளூர்க் கடையில் கிடைக்கவில்லை என்றால் காட்பாடியில் ரயில் ஏறி சென்னை ரிச்சி தெருவுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. காயலான் கடைக்குப் போகிற எந்த டிவியிலும் செட்டாப் பாக்ஸிலும் முன்பக்கக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நல்ல ரிசீவர் உட்கார்ந்திருக்கும்.

ஆரம்பத்தில் டெஸ்க்டாப்பின் ஒன்பது பின் சீரியல் போர்ட்டில் மாட்டினேன். லினக்ஸில் ரிமோட் சிக்னலைப் படிக்கும் லிர்க் என்ற மென்பொருளுக்காகப் பலரும் கட்டிய பழைய சர்க்யூட் அது: ஒரு 78எல்05 ரெகுலேட்டர், ஒரு 1என்4148 டையோடு, ஒரு 4.7 கே ரெசிஸ்டர், ஒரு 4.7 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர். மின்சாரமும் அதே போர்ட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும். உறுதியான ஏற்பாடு, ஒருநாளும் தகராறு செய்யவில்லை. ஆனால் இன்றைய மதர்போர்டுகளில் அந்தப் போர்ட் அபூர்வம். யுஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டர் போட்டால் இதற்கு ஆகாது. துடிப்பு எந்த மைக்ரோவிநாடியில் மாறியது என்பது யுஎஸ்பியைக் கடந்து வரும்போது குழம்பிவிடும்.

சீரியல் போர்ட் இல்லாதவர்களும் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களும் முதலில் சவுண்ட் கார்டில் பாருங்கள் என்பேன். ரிசீவரின் அவுட்புட்டை ஒரு ரெசிஸ்டர் வழியாக மட்டுப்படுத்தி லைன்-இன்னில் கொடுத்து, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவை ஓட விட்டு, ரிமோட்டில் ஒரே ஒரு பட்டனை அழுத்துங்கள். பிறகு நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்ஜி டிவி ரிமோட் என்றால் முதலில் 9 மில்லிவிநாடி நீளத்துக்கு ஒரு தடித்த கட்டம். அடுத்து 4.5 மில்லிவிநாடி வெற்றிடம். அதன் பிறகு குட்டைத் துடிப்புகள் வரிசையாக வரும். துடிப்புகள் எல்லாம் ஒரே அகலம், சுமார் 562 மைக்ரோவிநாடி. விஷயம் இருப்பது நடுவில் உள்ள இடைவெளியில். இடைவெளியும் அதே 562 என்றால் பூஜ்ஜியம், மூன்று மடங்கு என்றால் ஒன்று. விநாடிக்கு 44,100 மாதிரி எடுக்கும் சாதாரணப் பதிவில் குட்டை இடைவெளி சுமார் 25 மாதிரி, நெட்டை இடைவெளி சுமார் 74 மாதிரி. கண்ணாலேயே எண்ணி எழுதலாம். நான் பேப்பரில் பென்சிலால் எழுதித்தான் முதல் பட்டனைப் படித்தேன். 32 பிட்டும் (ஒரு பூஜ்ஜியமோ ஒன்றோ ஒரு பிட்) எட்டெட்டாக எழுதி முடித்து, இரண்டாவது எட்டு முதல் எட்டின் நேர் எதிராகவும், நான்காவது எட்டு மூன்றாவதின் நேர் எதிராகவும் வந்து நின்றபோது ஏற்பட்ட மகிழ்ச்சி இன்றும் மனதில் இருக்கிறது.

இதுதான் என்இசி முறை. முகவரி, அதன் எதிர்மறை, கட்டளை, அதன் எதிர்மறை. நடுவில் ஒரு பிட் கெட்டுப்போனால் ஜோடி பொருந்தாது, டிவி அதைத் தூக்கிப் போட்டுவிடும். எத்தனை ஒன்று இருக்கிறதோ அத்தனை பூஜ்ஜியமும் இருப்பதால் எந்தப் பட்டனை அழுத்தினாலும் செய்தியின் நீளம் ஒன்றே, ஏறக்குறைய 67.5 மில்லிவிநாடி. பட்டனை விடாமல் பிடித்திருந்தால் முழுச் செய்தியும் மறுபடி வராது. "இன்னும் விடவில்லை" என்று சொல்ல ஒரு சின்னத் துடிப்பு மட்டும் 108 மில்லிவிநாடிக்கு ஒருமுறை வரும்.

எல்ஜி டிவியில் முகவரி 4. பவர் 8, சத்தம் கூட்ட 2, குறைக்க 3. இந்த நான்கு எண்ணை எழுதி வைத்தால் போதும், எந்தக் காலத்திலும் எந்தக் கருவியிலிருந்தும் அந்த டிவியோடு பேசலாம். ஒரு சிக்கலை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். என்இசியில் பிட்டுகள் சிறியதிலிருந்து பெரியதாக வருகின்றன. சில பட்டியல்களில் வந்த வரிசையிலேயே இடமிருந்து வலமாக எழுதிவிடுகிறார்கள். அப்போது 4 என்பது 32 ஆகிவிடும், 8 என்பது 16 ஆகிவிடும். எண் வேறாக இருக்கிறதே என்று பயப்படத் தேவையில்லை, திருப்பிப் படித்தால் அதேதான்.

பதிவு செய்து வைப்பது ஏன் போதாது என்பதற்கு வருகிறேன். டிஎஸ்ஓபி ரிசீவர் துடிப்பின் அகலத்தை உள்ளபடியே தருவதில்லை. ரிமோட் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, பேட்டரி எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதைப் பொறுத்துத் துடிப்பு கொஞ்சம் நீளும், இடைவெளி அந்த அளவுக்குச் சுருங்கும். அப்படியே பதிவு செய்தால் இந்தப் பிசகும் சேர்ந்து பதிவாகிறது. திருப்பி அனுப்பும்போது டிவியிலுள்ள ரிசீவர் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் நீட்டும். சில டிவி பொறுத்துக்கொள்ளும், சில டிவி பத்துக்கு மூன்று தடவை கேட்காமல் போகும். எண்களிலிருந்து சிக்னலைப் புதிதாகக் கட்டி அனுப்பினால் இந்தப் பிரச்சினையே வராது.

பிலிப்ஸின் ஆர்சி5 முறையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அதன் துடிப்பு வேகமே 36,000. மொத்தம் 14 பிட், அதில் மூன்றாவதாக வருவது டாகிள் பிட். பட்டனை விட்டுவிட்டு மறுபடி அழுத்தும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பிட் மாறும். டிவி அதைப் பார்த்துத்தான் ஒரே அழுத்தமா, புது அழுத்தமா என்று முடிவு செய்கிறது. ஒரு தடவை பதிவு செய்ததையே திரும்பத் திரும்ப அனுப்பினால் டாகிள் மாறாது. "11" என்ற சேனலுக்குப் போக இரண்டு தடவை 1 அனுப்பினால் ஒரு 1 தான் விழும். பிரித்துப் படித்தவருக்கு அந்த ஒரு பிட்டை மாற்றி மாற்றி அனுப்புவது இரண்டு வரி வேலை. சோனி வேறு மாதிரி: 40,000 துடிப்பு, 12, 15 அல்லது 20 பிட், ஒவ்வொரு செய்தியையும் குறைந்தது மூன்று தடவை அனுப்ப வேண்டும்.

மென்பொருள் பற்றிச் சுருக்கமாக. லிர்க் நல்ல மென்பொருள், நெடுநாள் உழைத்தது. இப்போது லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலே முக்கியமான முறைகளைப் படித்துவிடுகிறது. பையில் ஜிபிஐஓ-ஐஆர் ஓவர்லேயை (காலில் மாட்டிய ரிசீவரைப் பைக்கு அறிமுகப்படுத்தும் அமைப்பு) இயக்கி, ஐஆர்-கீடேபிள் கருவியைச் சோதனை நிலையில் ஓட விட்டு, பட்டனை அழுத்தினால் "என்இசி, 408" என்று திரையில் வரும்: முகவரி 04, கட்டளை 08. அனுப்புவதற்கு ஐஆர்-சிடிஎல். பைக்கான பழைய வழிகாட்டிகள் லிர்க்-ஆர்பிஐ டிரைவரைச் சொல்லும், 4.19 கெர்னலிலிருந்து அது இல்லை, அந்தப் பக்கம் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். நான் டெஸ்க்டாப்பிலிருந்து பைக்கு மாறியபோது, பதிவாக இருந்தவை எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. எண்ணாக இருந்தவை ஒரே மாலையில் புது மெஷினுக்குப் போய்விட்டன. அனுப்பும் எல்இடியை நேராகப் பையின் காலில் மாட்டாதீர்கள், ஒரு டிரான்சிஸ்டர் வழியாகக் கொடுத்தால்தான் ஹாலின் அந்தக் கோடி வரை எட்டும்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு எங்கள் ஆயாவை, அதாவது பாட்டியைக் காட்டுவேன். விரல் முட்டியெல்லாம் வீங்கி, செட்டாப் பாக்ஸ் ரிமோட்டின் சின்ன ரப்பர் பட்டனை அழுத்த முடியாமல் போனது. அந்த ரிமோட்டும் உள்ளே கார்பன் தேய்ந்து, அழுத்திப் பிடித்தால்தான் கேட்கும் நிலை. லாங்கு பஜாரில் ரிப்பேர் பார்க்கும் அண்ணன் திறந்து பார்த்துவிட்டு, "இந்த மாடல் இப்ப வர்றதில்ல தம்பி, பாக்ஸோட முடிஞ்சிபோச்சு" என்றார். என்னிடம் எல்லாப் பட்டனும் எண்ணாக இருந்தது. கட்டில் ஓரத்துச் சுவரில் நான்கு காலிங் பெல் சுவிட்ச் அடித்து, வயரைப் பைக்குக் கொண்டுபோனேன். ஒன்று டிவி, ஒன்று சத்தம் கூட்ட, ஒன்று குறைக்க, நான்காவது அவருடைய சீரியல் வரும் சேனல். உள்ளங்கையாலேயே அழுத்தலாம். "இன்னாடா கண்ணு, இத்த அமுக்குனா போதுமா? வேற ஒண்ணும் தேட வேணாமா?" என்று கேட்டவர், அன்றிலிருந்து டிவிக்காக யாரையும் கூப்பிடுவதில்லை. இந்த முயற்சியில் எனக்குக் கிடைத்த பெரிய பலன் இதுதான்.

வேலூர் வீடுகளுக்கு என்று தனியாக இரண்டு எச்சரிக்கை. நம்ம ஊர் வெயில் சும்மா இல்லை. மேற்கு ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் நேராக ரிசீவர் மேல் விழுந்தால், சித்திரை வைகாசியில் எட்டும் தூரம் பாதியாகக் குறைகிறது. சூரிய ஒளியில் அகச்சிவப்பு நிறைய இருப்பதுதான் காரணம். ரிசீவரைச் ஷோகேஸுக்குள், ஜன்னலுக்கு முதுகு காட்டும்படி வைத்தேன், சரியாகிவிட்டது. இரண்டாவது, எலக்ட்ரானிக் சோக் போட்ட டியூப்லைட்டும் சிஎஃப்எல் பல்பும். இவற்றில் பல, ரிமோட் துடிப்புக்குப் பக்கத்து வேகத்திலேயே மினுக்குகின்றன. யாரும் ரிமோட்டைத் தொடாமலேயே திரையில் குப்பைத் துடிப்பு வந்துகொண்டிருந்தால் முதலில் லைட்டை அணைத்துப் பாருங்கள். காப்பர் சோக்கில் இந்தத் தொல்லை இல்லை.

ரிமோட் பேசும், டிவி பதில் பேசாது. இந்த முறையின் நிரந்தரக் குறை இது. கரண்ட் போய் வந்த பிறகு டிவி ஆனில் இருக்கிறதா ஆஃபில் இருக்கிறதா என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது, பவர் பட்டனோ இரண்டுக்கும் ஒன்றே. டிவியின் யுஎஸ்பி போர்ட்டில் வோல்டேஜ் இருக்கிறதா என்று பார்த்து நான் சமாளிக்கிறேன். டிவி அணைந்ததும் அந்த வோல்டேஜ் நின்றுபோகும் மாடல்களில் மட்டும்தான் இது நடக்கும். புளூடூத்தில் பேசும் புது டிவி ரிமோட்களில் பெரும்பாலும் பவர், சத்தம் மாதிரி சில பட்டன்கள் மட்டுமே அகச்சிவப்பில் வரும். மற்றவற்றை இந்த வழியில் தொட முடியாது.

ஏசிக்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். டிவி ரிமோட் "சத்தம் கூட்டு" என்று மட்டும் சொல்லும். ஏசி ரிமோட் ஒவ்வொரு அழுத்தத்திலும் முழு நிலையையும் சொல்லும்: கூல், 24 டிகிரி, ஃபேன் நடுத்தரம், ஸ்விங் ஆன். வெப்பநிலையை நினைவில் வைத்திருப்பது ரிமோட்தான். அதனால் செய்தி மிக நீளம். மிட்சுபிஷி எலக்ட்ரிக் ஏசியில் 144 பிட் வரை போகிறது. ஒவ்வொரு நிலையையும் பதிவு செய்யக் கிளம்பினால் முடிவே கிடையாது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி, இரண்டு செய்தியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். எங்கள் ஏசியில் 24-லிருந்து 25-க்குப் போனால் இரண்டு பைட் (எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட்) மட்டும் மாறுகிறது. ஒன்று 8-லிருந்து 9 ஆகிறது, அதாவது வெப்பநிலையில் 16 கழித்தது. மற்றது கடைசி பைட். முந்தைய பைட்டுகளை எல்லாம் கூட்டி, 256-ஆல் வகுத்து மிச்சத்தை எழுதியது. அந்தக் கூட்டல் தப்பினால் ஏசி அசையாது. இது பிடிபட்ட பிறகு எந்த வெப்பநிலையையும் நானே எழுதி அனுப்ப முடிகிறது. அக்னி நட்சத்திரத்தில் இரவு 11 மணிக்கு 24, விடியற்காலை 3 மணிக்கு 27 என்று பை தானாக மாற்றுகிறது. ஃபேன் வேகமும் ஸ்விங்கும் பிரித்தாயிற்று. டைமருக்கான பைட்டுகள் மட்டும் பாக்கி. கம்ப்யூட்டரே மணி பார்ப்பதால் அதற்கு அவசரம் இல்லை.