ராஜ்தூத் 350: இடது கார்புரேட்டர் ஒழுகல் நின்றது எப்படி, நான்கு வருட அனுபவம்

2021 டிசம்பரில் மார்த்தாண்டம் பக்கம் ஒரு வீட்டுத் தொழுவத்தில் தென்னை ஓலை மூடிக் கிடந்த ராஜ்தூத் 350 மோட்டார் சைக்கிளை வாங்கினேன். யமஹா ஆர்.டி. 350-ஐ எஸ்கார்ட்ஸ் கம்பெனி நம்ம நாட்டில் செய்து 1983 முதல் 1989 வரை விற்றதே இந்த வண்டி. 347 சி.சி., டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் தனி கார்புரேட்டர், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம். என்னுடையது 1986 மாடல். எஞ்சின் வேலை, பெயின்ட் எல்லாம் மூன்று மாதத்தில் முடிந்துவிட்டது. கார்புரேட்டர் ஒழுகலை நிறுத்த மட்டும் ஒன்றரை வருடம் ஆனது. அதே கஷ்டத்தில் இருப்பவர்களுக்காக அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

நாகர்கோவிலில் எங்கள் வீட்டு முன்பக்கத் திண்ணையை ஒட்டித்தான் வண்டி நிற்கும். காலையில் கதவைத் திறந்தால் பெட்ரோல் வாசம் அடிக்கும். இடது பக்க கார்புரேட்டருக்கு நேர் கீழே தரையில் ஈர வட்டம். கிக் அடித்தால் வலது சிலிண்டர் மட்டும் பிடிக்கும், இடது பிளக் நனைந்திருக்கும், கழற்றித் துடைத்துப் போட்டால்தான் இரண்டும் சேர்ந்து ஓடும். சைடு ஸ்டாண்டில் வண்டி இடது பக்கம் சாய்வதால்தான் இப்படி என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பார்த்தேன். வட்டம் அப்படியேதான் இருந்தது.

பார்த்த மெக்கானிக் எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: புளோட் ஊசி தேய்ந்துவிட்டது, ரிப்பேர் கிட் போடு. கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கும் கிண்ணம்தான் பவுல். அதில் மிதவை (புளோட்) மேலேறும்போது இந்த ஊசி பெட்ரோல் வரும் வழியை மூடும். கிட்டை மூன்று தடவை போட்டேன். ஒவ்வொரு தடவையும் கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் வரும் குழாயில் வாய் வைத்து ஊதிப் பார்ப்பேன். மிதவையின் எடையில் ஊசி மூடியிருக்கும், காற்று ஒரு பொட்டுகூடப் போகாது. ஊசி வந்து மூடும் சீட்டுக்கு அடியில் உள்ள வாஷரையும் மாற்றினேன், ஏனென்றால் ஊசி சரியாக மூடினாலும் சீட்டின் மரை வழியாகப் பெட்ரோல் இறங்க முடியும். மிதவையை வெந்நீரில் அமுக்கிப் பார்த்தேன். ஓட்டை இருந்தால் குமிழி வரும், வரவில்லை. எல்லாம் சரியாக இருந்தும் வண்டியில் மாட்டினால் மறுநாள் காலை அதே வட்டம்.

கடைசியில் தக்கலை பக்கம் பழைய ஜாவா, எஸ்டி பைக்குகளில் வேலை பார்க்கும் ஒரு ஆசானிடம் கொண்டுபோனேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். "ஊசிய மாத்தி மாத்தி என்னத்துக்கு மக்கா? அந்த பவுல மட்டும் களத்திக் கொண்டா" என்றார். பவுலை ஒரு செய்தித்தாள் மேல் இரண்டு கட்டைகளில் தூக்கி வைத்து, பெட்ரோலை முக்கால் அளவுக்கு ஊற்றினார். ஊசியும் இல்லை, மிதவையும் இல்லை, வெறும் பவுல். "இனி சும்மா பாத்துட்டு இரி" என்றார். இரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஓவர்ஃப்ளோ பைப்பின் நுனியில் ஒரு சொட்டு உருண்டு, நின்று, தாளில் விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது.

பவுலுக்குள் செங்குத்தாக நிற்கும் சின்னப் பித்தளைக் குழாய்தான் ஓவர்ஃப்ளோ. பெட்ரோல் மட்டத்தைவிட அதன் வாய் கொஞ்சம் உயரத்தில் இருக்கும். ஊசி மூடாமல் மட்டம் ஏறினால் அதிகப்படி பெட்ரோல் அதன் வழியாக வெளியே போய்விடும், எஞ்சினுக்குள் இறங்காது. ஆசான் லென்ஸ் வைத்துக் காட்டினார். அந்தக் குழாயில் நீளவாக்கில் தலைமுடி கனத்தில் ஒரு கீறல், அதன் ஓரமெல்லாம் பச்சை பிடித்திருந்தது. "வருசக்கணக்குல பெட்ரோலோட அடியில வெள்ளம் கெடந்திருக்கு" என்றார். எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் தண்ணீர். கீறல் மட்டத்துக்குக் கீழே இருப்பதால் ஊசி எவ்வளவு ஒழுங்காக வேலை செய்தாலும் பெட்ரோல் கசிந்துகொண்டேதான் இருக்கும். குறையக் குறைய ஊசி திறந்து நிரப்பும். பெட்ரோல் டேப் திறந்திருந்தால் டேங்க் முழுக்க இப்படியே தரைக்குப் போகும். நல்ல நிலையில் இருந்த ஊசிகளைத் தூக்கிப் போட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. இந்த வண்டிக்கு அசல் சாமான் கிடைக்காத காலத்தில் அது மனசை ரொம்பவே வருத்தியது.

முதலில் கீறல் மேல் எபாக்ஸி பசை பூசினேன். நான்கு மாதம் தாங்கியது, பிறகு பிசுபிசுவென்று உரிந்துவிட்டது. எத்தனால் கலந்த பெட்ரோலில் பல பசைகள் நிற்காது. அதன் பிறகு லேத்தில் பழைய குழாயை உருவி எடுத்து, அதே விட்டத்தில் புதுப் பித்தளைக் குழாய் அடித்து இறக்கினோம். இதில் ஒரே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பழைய குழாயை எடுப்பதற்கு முன்பே அதன் உயரத்தை வெர்னியரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். புதியது குட்டையானால் ஊசி மூடுவதற்கு முன்பே வழியும். நீளமானால் பெட்ரோல் மேலேறி எஞ்சினுக்குள் போகும். 2023 ஜூலையில் மாட்டியது, இன்றுவரை அந்தப் பக்கம் தரை காய்ந்தே இருக்கிறது.

பவுல் ஸ்க்ரூவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பார்க்க சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ மாதிரி இருக்கும், ஆனால் அது ஜப்பான் அளவு. நம்ம ஊர் ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் முழுக்க உட்காராமல் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். நான் எல்லாவற்றையும் ஆலன் போல்ட்டாக மாற்றிவிட்டேன். அசல் தோற்றம் போய்விட்டதே என்று சில நண்பர்கள் குறைப்பட்டார்கள். அடிக்கடி கழற்ற வேண்டிய இடத்தில் எனக்கு இதுவே சரி.

20 சதவீத எத்தனால் பெட்ரோல் 2023-இல் வர ஆரம்பித்த பிறகு ரப்பர் சாமான்களின் ஆயுள் குறைந்திருப்பதாகவே என் அனுபவம். ஒரு மலிவு கிட்டின் ஓ-ரிங் ஆறே மாதத்தில் உப்பி, பள்ளத்தில் திரும்ப உட்காரவே இல்லை. இப்போது விட்டான் (Viton) என்ற, பெட்ரோலைத் தாங்கும் ரப்பரில் முனை வைத்த ஊசி, விட்டான் ஓ-ரிங் மட்டுமே வாங்குகிறேன். விலை இரண்டு மடங்கு, ஆனால் இரண்டு வருடமாக மாற்றவில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நமக்கோ ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை, பக்கத்திலேயே கடல். அந்த மாதங்களில் வண்டி பத்து நாளுக்கு மேல் நிற்குமென்றால் டேப்பை மூடிவிட்டு, எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிட்டு, பவுலில் மிச்சம் இருப்பதையும் வடித்துவிடுகிறேன். போன மழையில் மறந்து ஒரு மாதம் விட்டதில் பவுலின் அடியில் வெள்ளைப் பொடி படிந்து, பைலட் ஜெட் என்ற சின்னப் பெட்ரோல் துளை அடைத்துவிட்டது. முத்துக்குளிவயலுக்குப் போகலாம் என்று கிளம்பி, பேச்சிப்பாறையிலேயே திரும்ப வேண்டியதாயிற்று.

வலது பக்கக் குழாய் இன்னும் பழையதுதான். போன வாரம் அதையும் செய்தித்தாள் மேல் வைத்துப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு சொட்டு. அதற்கான பித்தளைக் குழாயை அளவு பார்த்து வெட்டி வைத்தாயிற்று, மழை விட்டதும் தக்கலைக்குக் கொண்டுபோக வேண்டும்.