தமிழ் விக்கிப்பீடியாவில் தேட எது மேல்: கூகுளா, அதன் சொந்தத் தேடலா?

தமிழ் விக்கிப்பீடியாவுக்குள் ஒரு விவரத்தைத் துல்லியமாகத் தேட இரண்டு வழி உண்டு. கூகுளில் ஒரே தளத்துக்குள் மட்டும் தேடச் சொல்லும் ‘சைட்:’ (site:) கட்டளையைப் போட்டு விக்கிப்பீடியாவின் முகவரியைச் சேர்ப்பது ஒன்று. விக்கிப்பீடியாவின் தேடல் பெட்டியிலேயே அதன் கட்டளைகளைத் தட்டுவது இன்னொன்று. இரண்டாவதையே பழகிக்கொள்ளுங்கள். (கட்டளைகளை ஆங்கிலச் சிறிய எழுத்தில்தான் தட்ட வேண்டும். கூகுளில் முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டால் கட்டளை வேலை செய்யாது.)

சொற்றொடரை அப்படியே தேடும் மேற்கோள் குறியும், ஒரு சொல்லை விலக்கும் கழித்தல் குறியும் இரண்டிலும் உண்டு. முடிவைத் தீர்மானிப்பது வேற்றுமை உருபுதான்.

‘குளம்’ என்று தேடுகிறீர்கள். கட்டுரையிலோ குளத்தில், குளத்தின், குளங்களை என்றுதான் இருக்கும். விக்கிப்பீடியாவில் சொல்லின் கடைசியில் நட்சத்திரக் குறி போட்டால் அதற்குப் பின் எது ஒட்டியிருந்தாலும் சிக்கும். ‘குளத்த*’ என்றால் குளத்தில், குளத்தை, குளத்துக்கு எல்லாம் வரும். ‘குளங்க*’ என்றால் பன்மை வடிவங்கள் வரும். கூகுளில் அதே நட்சத்திரம் ஒரு முழுச் சொல்லுக்குப் பதிலாக நிற்கும். சொல்லின் வாலைப் பிடிக்காது. கூகுள் தானாகவே சில வடிவங்களைச் சேர்த்துக்கொள்ளும்தான், ஆனால் எதைச் சேர்த்தது, எதை விட்டது என்பது நம் கையில் இல்லை.

சோம்பல்பட்டு ‘குள*’ என்று நிறுத்திவிடாதீர்கள். கணினிக்கு ‘ளி’ என்பது ‘ள’வும் ஒரு குறியும். அதனால் குளிர், குளியல், குளவி எல்லாம் கூடவே வந்து குவியும். உருபேற்ற வடிவத்தின் முதல் இரண்டு மூன்று எழுத்துகளைத் தாண்டி, ‘குளத்த’ வரை தட்டிவிட்டு நட்சத்திரம் போடுவதே சுத்தம். ‘குளக்கரை’ போல ஒட்டி எழுதிய சொற்களைத் தனியாகத் தேட வேண்டும்.

விக்கிப்பீடியாத் தேடலின் அடுத்த பலம் ‘இன்சோர்ஸ்:’ (insource:). இது திரையில் தெரியும் உரையை அல்லாமல், கட்டுரையைத் திருத்தும் தொகுப்புப் பெட்டியில் இருக்கும் மூல உரையைத் தேடும். ஒரு நாளிதழின் இணைய முகவரி மாறி, பழைய மேற்கோள் இணைப்புகள் செத்துவிட்டால், அவற்றைத் தாங்கிய கட்டுரைகளை இதில் பிடிக்கலாம். எழுத்துகள் எந்த அமைப்பில் வர வேண்டும் என்று சொல்லும் எழுத்துக்கோலத்தை (ரெஜெக்ஸ்) இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே கொடுத்தும் தேடலாம். ஆனால் அது கனமான தேடல். தனியாக விட்டால் நேரம் முடிந்து அரைகுறை முடிவோடு நிற்கும். கூடவே ஒரு சாதாரணச் சொல்லையோ, கட்டுரைகளை வகைபிரிக்கும் பகுப்பு ஒன்றையோ சேர்த்துக்கொள்ளுங்கள். பகுப்புக்கான ‘இன்கேட்டகரி:’ (incategory:) துணைப்பகுப்புகளுக்குள் போகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சின்ன இடைஞ்சல் ஒன்று: நீங்கள் தட்டிய சொல்லே ஒரு கட்டுரையின் தலைப்பாக இருந்தால், தேடல் பட்டியல் வராமல் நேரே அந்தக் கட்டுரை திறந்துவிடும். சொல்லுக்கு முன் ‘~’ போட்டால் பட்டியல் வரும்.

கூகுள் முந்தும் இடமும் உண்டு. எழுத்துப்பிழையோடு தட்டினாலும், தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டினாலும் பெரும்பாலும் புரிந்துகொள்ளும். ஆனால் ‘சைட்:’ காட்டும் எண்ணிக்கையை நம்பி “இத்தனை கட்டுரைகள் உள்ளன” என்று எழுதாதீர்கள். அது தோராயக் கணக்கு, எல்லாப் பக்கங்களையும் அது காட்டுவதும் இல்லை.

உருப்படியான தேடல் பெட்டி இல்லாத தளங்களுக்கு, குறிப்பாக அரசுத் தளங்களுக்கு, கூகுளில் ‘சைட்:’ உடன், பிடிஎஃப் கோப்புகளை மட்டும் காட்டும் ‘ஃபைல்டைப்:பிடிஎஃப்’ (filetype:pdf) சேர்ப்பதே சரியான வழி. அங்கேயும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்புகள் தமிழில் தேடினால் கிடைக்காது. அவற்றுக்கு அரசாணை எண்ணையோ ஆண்டையோ இலக்கத்தில் கொடுத்துப் பாருங்கள்.